நாவலைப் படித்துவிட்டு என்ன சொல்வது? நூலக வாசகர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

நூலகத்தில் ஒரு நாவலைத் திருப்பிக் கொடுக்கும்போது பக்கத்தில் நிற்பவர் அட்டையைப் பார்த்துவிட்டு "எப்படி இருக்கு?" என்று கேட்பார். "நல்லா இருக்கு" என்போம். அவரும் தலையாட்டிவிட்டு வேறு அலமாரிப் பக்கம் போய்விடுவார். பத்து நாள் கூடவே வைத்திருந்த புத்தகம், விளக்கை அணைக்க மனம் வராமல் நள்ளிரவு வரை படித்த புத்தகம், அதைப் பற்றிச் சொல்ல நம்மிடம் அவ்வளவுதானா என்று எனக்கு ரொம்ப நாள் உறுத்திக்கொண்டிருந்தது. பல வருடங்களாக நூலக வாசகர் வட்டத்தில் உட்கார்ந்து, சமீபத்தில் படித்த நாவல்களைப் பற்றி நானும் பேசி, மற்றவர்கள் பேசுவதையும் கேட்டுக் கற்றுக்கொண்டதைத்தான் இங்கே வரிசையாக எழுதுகிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடையில் வாங்கிய புத்தகம் நம் வீட்டு அலமாரியில் தங்கிவிடும். நூலகப் புத்தகம் அப்படியல்ல, நம் கையிலிருந்து அதே பிரதி இன்னொருவர் கைக்குப் போகிறது. அதனால் இங்கே கருத்துச் சொல்வது என்றால் அந்த அடுத்த வாசகருக்கு உதவுவது. நூலகவியல் அறிஞர் எஸ். ஆர். ரங்கநாதன் 1931-இல் வெளியிட்ட நூலக அறிவியலின் ஐந்து விதிகளில் இரண்டாவது, ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான நூல். மூன்றாவது, ஒவ்வொரு நூலுக்கும் அதற்கான வாசகர். இந்த மூன்றாவதை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன். யாரும் தொடாமல் வருடக்கணக்கில் நிற்கும் ஒரு நாவலுக்கு அதன் வாசகரைக் கொண்டுவந்து சேர்ப்பது பெரும்பாலும் இன்னொரு வாசகரின் வாய்ச்சொல்தான்.

படிக்கும்போதே ஒரு துண்டுச் சீட்டு

வேலை இங்கேயே தொடங்குகிறது. புத்தகத்தில் பென்சில்கூட வைக்காதீர்கள், மூலையை மடக்காதீர்கள். ஒட்டும் வண்ணச் சீட்டுகளும் வேண்டாம், பசை பழைய தாளில் தங்கிவிடும். வெறும் வெள்ளைத் தாளை நீளவாக்கில் கிழித்து அடையாளச் சீட்டாக வைத்துக்கொள்ளுங்கள். எங்காவது மனம் நின்றால் பக்க எண்ணும் மூன்று நான்கு சொற்களும் போதும். "87, கிணற்றடிப் பேச்சு." "112, ஏன் பொய் சொன்னான்?" "140, தூக்கம் வருகிறது." கடைசியில் சொன்னது மாதிரியான குறிப்பையும் எழுதுங்கள், பிறகு அதுதான் ரொம்ப உதவும். விளக்கமெல்லாம் அப்போது வேண்டாம், விளக்கம் எழுத ஆரம்பித்தால் வாசிப்பு அறுந்துபோகும்.

முடித்த ஒரு நாளுக்குள் பத்து நிமிடம்

நினைவு எப்படித் தேய்கிறது என்று ஜெர்மன் உளவியலாளர் ஹெர்மன் எபிங்ஹாஸ் தன்னையே வைத்துச் சோதித்து 1885-இல் எழுதினார். மறதி முதலில் வேகமாகவும் பிறகு மெதுவாகவும் நடக்கிறது என்பது அவர் கண்டது. அவர் மனப்பாடம் செய்தது பொருளில்லாத அசைகளை, கதை அதைவிட நன்றாகவே நிற்கும். ஆனாலும் நாவல் முடிந்து ஒரு வாரம் ஆனால் என்ன மிஞ்சுகிறது என்று பாருங்கள்: மொத்தமாக ஒரு கதை, பொதுவாக ஓர் அபிப்பிராயம். எந்த இடத்தில் நிமிர்ந்து உட்கார்ந்தோம், துணைப் பாத்திரத்தின் பெயர் என்ன, எந்த வாக்கியத்தை இரண்டு தடவை படித்தோம் என்பதெல்லாம் போய்விடுகின்றன. கருத்துக்கு உயிர் கொடுப்பவை அவைதான்.

எனவே முடித்த கையோடு, அல்லது மறுநாளுக்குள், பத்து நிமிடம் எழுதுங்கள். நான் எனக்கே கேட்டுக்கொள்பவை இவை. கண்ணை மூடினால் முதலில் எந்தக் காட்சி வருகிறது? யார் மேல் கோபம் வந்தது? எங்கே பக்கங்களைத் தள்ளிவிட்டுப் போனேன்? கடைசிப் பக்கத்தை முடித்துவிட்டு என்ன செய்தேன், உடனே வேறு வேலைக்குப் போனேனா, சும்மா உட்கார்ந்திருந்தேனா? பதில்கள் துண்டு துண்டாக இருக்கட்டும். இந்தப் பத்து நிமிடத்துக்கு முன்னால் மட்டும் வேறு யாருடைய விமர்சனத்தையும் படிக்காதீர்கள், பின்னட்டை வாசகத்தைக்கூட. படித்துவிட்டால் அவர்களுடைய சொற்கள்தான் உங்கள் வாயில் வரும்.

எந்த வாசல் வழியாக உள்ளே போனீர்கள்?

எனக்கு மிகவும் உதவிய யோசனை இது. அமெரிக்காவின் சியாட்டில் நகரப் பொது நூலகத்தில் பணியாற்றிய நான்சி பேர்ல் என்ற நூலகர், வாசகர்கள் ஒரு புத்தகத்துக்குள் நான்கு வாசல்கள் வழியாக நுழைகிறார்கள் என்று சொன்னார்: கதை, பாத்திரம், களம், மொழி. எல்லா நாவலிலும் நான்கும் இருக்கும், ஆனால் அகலமாகத் திறந்திருப்பது ஒன்றோ இரண்டோதான். கதை வாசல் பெரிதாக இருந்தால் "அடுத்து என்ன" என்று பக்கம் தானாகப் புரளும். பாத்திர வாசல் என்றால் படித்து முடித்த பிறகும் அந்த மனிதர் கூடவே இருப்பார். களம் என்றால் போகாத ஓர் இடத்தில், வாழாத ஒரு காலத்தில் இருந்துவிட்டு வந்த மாதிரி இருக்கும். மொழி என்றால் வாக்கியத்துக்காகவே நின்று நின்று படிப்போம்.

இதைப் பிடித்துக்கொண்டால் வட்டத்தில் நடக்கும் பாதிச் சண்டைகள் புரிந்துவிடும். ஒருவர் "ரொம்ப மெதுவா போகுது, ஒண்ணுமே நடக்கலை" என்பார், இன்னொருவர் "எவ்வளவு அழகா எழுதியிருக்காங்க" என்பார். இரண்டு பேரும் ஒரே புத்தகத்தை உண்மையாகத்தான் விவரிக்கிறார்கள், நுழைந்த வாசல்தான் வேறு. அதனால் கருத்துச் சொல்லும்போது உங்கள் வாசலையும் சேர்த்தே சொல்லிவிடுங்கள்: "நான் பொதுவா கதைக்காகப் படிக்கிறவன், இதுல கதை குறைவு, ஆனா அந்தத் துறைமுக ஊரை விட்டு வர மனசில்லை." இதைக் கேட்பவர் தனக்கு இது சரிப்படுமா என்று தானே முடிவு செய்துகொள்வார். வேகத்தையும் ஒரு குறையாகச் சொல்லாமல் அளவாகச் சொல்லுங்கள். "முதல் அறுபது பக்கம் நிதானம், அப்புறம் ஓட்டம்" என்றால் அது தகவல். "இழுவை" என்றால் கேட்பவருக்கு ஒன்றும் தெரியாது.

கதையைச் சொல்ல வேண்டும், ஆனால் கொடுத்துவிடக் கூடாது

இங்கேதான் பெரும்பாலோர் தடுமாறுகிறோம். ஒன்று, முதல் அத்தியாயத்திலிருந்து கடைசி வரை வரிசையாக ஒப்பிக்கிறோம். இல்லையென்றால் பயந்துபோய் எதுவுமே சொல்லாமல் "படிச்சுப் பாருங்க" என்கிறோம்.

நாவலாசிரியர் இ. எம். ஃபார்ஸ்டர் 1927-இல் கேம்பிரிட்ஜில் ஆற்றிய உரைகளில் ஒரு வேறுபாட்டைச் சொன்னார். அரசன் இறந்தான், பிறகு அரசியும் இறந்தாள் என்பது வெறும் கதை. அரசன் இறந்தான், அந்தத் துக்கத்தில் அரசியும் இறந்தாள் என்பது கதைப்பின்னல். "பிறகு என்ன" என்ற கேள்வி, "ஏன்" என்று மாறுகிறது. ஒரு நாவலைச் சுருக்கும்போது இதை நினைவில் வையுங்கள். "பிறகு, பிறகு, பிறகு" என்று அடுக்கினால் கேட்பவர் களைத்துப்போவார், முடிவும் வெளியே வந்துவிடும். ஆரம்பத்தில் இருக்கும் சிக்கலையும் அது ஏன் சிக்கல் என்பதையும் சொன்னால் போதும். "அப்பாவின் கடனை அடைக்க வீட்டை விற்க வேண்டும், ஆனால் வீட்டில் பாதி பத்து வருடமாகப் பேசாத தம்பி பெயரில் இருக்கிறது" என்றால் கதை நிமிர்ந்து நின்றுவிட்டது, ஒன்றும் கெட்டுப்போகவில்லை.

நாங்கள் வைத்திருக்கும் அளவு: புத்தகத்தின் முதல் கால்பங்கில் நடப்பதை மட்டும் சொல்லலாம். முந்நூறு பக்க நாவல் என்றால் எழுபத்தைந்தாம் பக்கத்தோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். துப்பறியும் நாவல் என்றால் அதைவிடவும் முன்பே நிறுத்துங்கள். "கடைசியில ஒரு பெரிய திருப்பம் இருக்கு, சொல்ல மாட்டேன்" என்பதும் கெடுக்கிற வேலைதான். கேட்டவர் ஒவ்வொரு பக்கத்திலும் அந்தத் திருப்பத்தையே தேடிக்கொண்டு படிப்பார், பாத்திரங்களோடு இருக்க மாட்டார். ஒருமுறை எங்கள் கூட்டத்தில் ஒருவர் உற்சாகத்தில் யார் இறந்துபோகிறார் என்று சொல்லிவிட்டார். எதிரில் உட்கார்ந்திருந்த பெண் மடியில் அதே புத்தகம், பாதியில் அடையாளச் சீட்டோடு. அவர் ஒன்றும் சொல்லவில்லை. சீட்டை எடுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டு, போகும்போது புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனார். அன்றிலிருந்து பேச்சைத் தொடங்கும் முன் "யாராவது இப்போ இதைப் படிச்சுட்டு இருக்கீங்களா, எதுவரைக்கும் வந்திருக்கீங்க?" என்று கேட்பதைப் பழக்கமாக்கிக்கொண்டோம்.

"நல்லா இருக்கு" என்பதற்குப் பின்னால் ஒரு பக்க எண்

சுருக்கமாகச் சொன்னால், ஒவ்வொரு அபிப்பிராயத்துக்கும் ஓர் இடத்தைக் காட்டுங்கள். "உருக்கமான நாவல்" என்று நினைத்தால் எந்த இடம் உருக்கியது? "வசனம் இயல்பா இருக்கு" என்றால் ஒரு வசனத்தைப் படித்துக் காட்டுங்கள், இரண்டு வரி போதும். அந்த இடத்தைத் தேடும்போது சில நேரம் நம் அபிப்பிராயமே மாறிவிடும், அதுவும் நல்லதுதான்.

இதை எனக்குப் புரியவைத்தவர் எங்கள் வட்டத்துக்கு வரும் ஒரு பெரியவர். மூன்று தலைமுறைக் குடும்பக் கதை ஒன்றைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம். ஆணாதிக்கம், கூட்டுக்குடும்பம், காலமாற்றம் என்று ஆளாளுக்குப் பெரிய வார்த்தையாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள், நானும்தான். அவர் கடைசியாகப் பேசினார். "அந்த வீட்டுல மூத்த மருமகளை யாருமே பேர் சொல்லிக் கூப்பிடலை, கவனிச்சீங்களா? 'இந்தாம்மா', 'உள்ள யாரு', இப்படித்தான் முழுக்க." அவ்வளவுதான் சொன்னார். எல்லோரும் கைவசம் இருந்த ஒரே பிரதியை வாங்கி வாங்கிப் புரட்ட ஆரம்பித்தோம். எனக்கு அவளுடைய பெயர் தெரியும், கதைசொல்லி சொல்லியிருக்கிறார், ஆனால் அந்த வீட்டு மனிதர்கள் சொல்லவே இல்லை. நாங்கள் பெரிய வார்த்தைகளில் சொன்னது எல்லாம் அந்த ஒரு கவனிப்புக்குள் இருந்தது. அன்றைக்கு அந்த நாவலுக்கு நான்கு பேர் முன்பதிவு செய்தார்கள்.

இப்படிக் கவனிக்கப் பழக வேண்டும் என்றால் சின்ன விஷயங்களைப் பாருங்கள். யார் யாரை எப்படி அழைக்கிறார்கள், கதை யார் கண்ணால் சொல்லப்படுகிறது, எது சொல்லப்படாமல் விடப்படுகிறது, ஓர் அத்தியாயம் எந்த இடத்தில் வெட்டப்படுகிறது. இதற்குப் படிப்பறிவோ இலக்கியப் பயிற்சியோ வேண்டியதில்லை, நிதானம் இருந்தால் போதும்.

பிடிக்கவில்லை என்றால், முடிக்கவில்லை என்றால்

முடிக்காத நாவலைப் பற்றிப் பேசலாமா என்று நிறைய பேர் தயங்குகிறார்கள். தாராளமாகப் பேசலாம், எந்தப் பக்கத்தில் நிறுத்தினீர்கள் என்பதைச் சொல்லிவிட்டுப் பேசுங்கள். மேலே சொன்ன நான்சி பேர்லுக்கு இதிலும் ஒரு கணக்கு உண்டு: ஐம்பது பக்கம் படியுங்கள், பிடிக்கவில்லையென்றால் வைத்துவிடுங்கள், வயது ஐம்பதைத் தாண்டியவர்கள் 100-இலிருந்து வயதைக் கழித்து வரும் பக்கம் வரை படித்தால் போதும். எழுபது வயது என்றால் முப்பது பக்கம். வாழ்நாளில் படிக்க முடிகிற புத்தகங்களுக்கு ஓர் எல்லை இருக்கிறது என்பதை இவ்வளவு கனிவாகச் சொன்ன விதி எனக்கு வேறு தெரியாது.

பிடிக்காததைச் சொல்லும்போது இரண்டு வாக்கியங்களைக் கலக்காதீர்கள். "எனக்குப் பிடிக்கவில்லை" என்பது வேறு, "சரியாக எழுதப்படவில்லை" என்பது வேறு. முதலாவதற்குக் காரணம் நம்மிடமே இருக்கலாம். அண்மையில் வீட்டில் ஒரு சாவு நடந்திருந்தால் மரணம் பற்றிய நல்ல நாவலைக்கூடத் தாங்க முடியாது, அதை அப்படியே சொல்லிவிடலாம். இரண்டாவதைச் சொன்னால் இடம் காட்ட வேண்டும்: காரணமில்லாமல் மனம் மாறும் பாத்திரம், நூறு பக்கமாக வராமல் இருந்துவிட்டுக் கடைசியில் வந்து எல்லாவற்றையும் தீர்த்துவைக்கும் ஒரு கடிதம், இப்படி.

இன்னும் இரண்டு எச்சரிக்கைகள். பாத்திரம் சொல்வதை எழுத்தாளர் தலையில் கட்டாதீர்கள். "நான்" என்று பேசும் கதைசொல்லி பொய் சொல்லலாம், தன்னையே ஏமாற்றிக்கொள்ளலாம், அதுதான் அந்த நாவலின் விஷயமாகவே இருக்கலாம். மொழிபெயர்ப்பு நாவல் என்றால் மொழிபெயர்ப்பாளர் பெயரைச் சொல்லிப் பேசுங்கள். கரடுமுரடான வாக்கியத்துக்கு மூல ஆசிரியரைத் திட்டுவதும், அழகான வாக்கியத்துக்கு அவரை மட்டும் பாராட்டுவதும் நியாயமில்லை.

புகழ் நம் கண்ணை மறைப்பதும் உண்டு. இலக்கிய விமர்சகர் ஐ. ஏ. ரிச்சர்ட்ஸ் கேம்பிரிட்ஜில் தன் மாணவர்களுக்குக் கவிஞர் பெயர் இல்லாமல் கவிதைகளைக் கொடுத்து, தோன்றியதை எழுதச் சொன்னார். 1929-இல் அந்தப் பதில்களை அவர் புத்தகமாக்கியபோது, பெயர் பெற்ற கவிஞர்களின் கவிதைகளைப் பலர் ஒதுக்கியிருந்ததும் சாதாரணமானவற்றைப் புகழ்ந்திருந்ததும் தெரிந்தது. நாங்களும் இதைச் செய்துபார்த்தோம். அட்டைக்குச் செய்தித்தாள் உறை போட்டு, ஒரு பக்கத்தை மட்டும் சத்தமாகப் படித்து, யார் எழுதியது என்று சொல்லாமல் கருத்துக் கேட்டோம். வழக்கமாகப் பேசாதவர்கள் அன்று பேசினார்கள்.

கூட்டமாக உட்கார்ந்து பேசும்போது

நூலகத்தில் ஒரு நாவலுக்கு ஒன்றிரண்டு பிரதிகள்தான் இருக்கும். எல்லோரும் ஒரே நாவலைப் படித்துவிட்டு வந்து பேசுவது அருமையான விஷயம், ஆனால் அதற்குப் பிரதிகள் வேண்டும். 1998-இல் சியாட்டிலில் ஊர் முழுக்க ஒரே நாவலைப் படிக்கும் திட்டம் தொடங்கியபோது அதை ஒரு நூலகமே முன்னின்று நடத்தியது. அப்படி வாய்ப்பில்லாத இடத்தில், ஒவ்வொருவரும் சமீபத்தில் படித்த நாவலோடு வருவதுதான் நடைமுறைக்கு ஒத்துவரும். ஆறிலிருந்து பத்து பேர் வரை, ஒன்றரை மணி நேரம். முதல் சுற்றில் ஆளுக்கு நான்கு நிமிடம், நடுவில் யாரும் குறுக்கிடக் கூடாது. அப்புறம் திறந்த பேச்சு.

வரிசையில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. நிறையப் படித்தவர், அழகாகப் பேசுபவர் முதலில் பேசினால் மற்றவர்கள் "அவர் சொன்னதுதான் எனக்கும்" என்று ஒதுங்கிவிடுவார்கள். புதிதாக வந்தவரையோ புத்தகத்தைப் பாதியில் வைத்தவரையோ முதலில் பேசவிடுங்கள். விவாதம் சூடானால் நடத்துபவர் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: "எந்த இடத்துல அப்படித் தோணுச்சு?" இரண்டு பேரும் புத்தகத்தைத் திறந்துவிடுவார்கள், கண் ஒருவரையொருவர் முறைப்பதை விட்டுப் பக்கத்துக்குப் போகும், குரல் தானாக இறங்கும். நாவலில் வரும் ஒரு விஷயம் யாருக்காவது சொந்த வாழ்க்கையைத் தொட்டு அவர் பேச ஆரம்பித்தால் அவசரப்படுத்தாதீர்கள், கேள்வியும் கேட்காதீர்கள். அங்கே பேசியது அங்கேயே இருக்கட்டும்.

எழுதி வைக்கும் முறை

பேச்சு அன்றோடு போய்விடும், ஆகவே எழுத்திலும் வையுங்கள். நூலகரிடம் அனுமதி கேட்டு ஓர் அட்டையில் ஆறேழு வரி எழுதிப் புத்தகத்துக்குள் வைக்கலாம், அல்லது அறிவிப்புப் பலகைக்குக் கீழே ஒரு பொதுக் குறிப்பேடு வைக்கலாம். ஆசிரியர், தலைப்பு, மொழிபெயர்ப்பாளர், பக்கங்கள், படித்த மாதம். அலமாரியில் தேடுவதற்கு நூலின் முதுகில் இருக்கும் எண்ணையும் எழுதுங்கள். நூல்களைப் பொருள்வாரியாக எண்ணிட்டு அடுக்கும் டூயி பகுப்பு முறையைப் பின்பற்றும் நூலகத்தில் தமிழ்ப் புனைகதைக்கு 894.8113 என்று வரும், சில இடங்களில் நாவல்களை ஆசிரியர் பெயர் வரிசையில் மட்டும் அடுக்கியிருப்பார்கள். அப்புறம் கருத்து. அந்தக் குடும்பக் கதைக்கு நான் எழுதிய அட்டை இது:

"மூன்று தலைமுறை, ஒரே வீடு. மூத்த மருமகள் வந்த நாளிலிருந்து கதை தொடங்குகிறது. பரபரப்பு எதிர்பார்க்காதீர்கள், முதல் ஐம்பது பக்கம் உறவுமுறை குழப்பும், ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். பாத்திரங்களுக்காகப் படிப்பவர்களுக்கு ஏற்றது. அந்த வீட்டில் அவளை யாரும் பெயர் சொல்லி அழைப்பதில்லை, அதைக் கவனித்துக்கொண்டே படியுங்கள். நோயும் முதுமையும் வரும் பகுதி கனமானது."

கடைசி வரி மாதிரி ஒன்றை எழுதுவது நல்லது. எதைத் தாங்க முடியாது என்பது ஆளுக்கு ஆள் மாறும், முன்கூட்டியே தெரிந்தால் அவர்களே முடிவெடுத்துக்கொள்வார்கள். நட்சத்திர மதிப்பெண் போடாதீர்கள். ஐந்துக்கு மூன்று என்று பார்த்ததுமே கை அடுத்த புத்தகத்துக்குப் போய்விடும், கீழே எழுதியதை யாரும் படிக்க மாட்டார்கள்.

நேரில் யாராவது "எனக்கு ஒரு நாவல் சொல்லுங்க" என்று கேட்டால் உடனே உங்களுக்குப் பிடித்ததைச் சொல்லாதீர்கள். "கடைசியா படிச்சதுல எது பிடிச்சது, அதுல என்ன பிடிச்சது?" என்று கேளுங்கள். பதிலில் வாசல் தெரிந்துவிடும். அதற்கேற்ற ஒன்றைச் சொல்லி, ஒரே ஒரு காரணமும் சொல்லுங்கள்.

எழுதிய அட்டையைச் சில மாதம் கழித்துப் போய்ப் பாருங்கள். நான் போனபோது அந்தக் குடும்பக் கதைக்குள் என் அட்டை அப்படியே இருந்தது. எனக்குத் தெரியாத ஒரு கையெழுத்தில், கீழே நீல மையில் ஒரு வரி சேர்ந்திருந்தது: "ஒருமுறை கூப்பிடுகிறார்கள். பக்கம் 214." அங்கேயே நின்று புரட்டினேன். பேச்சு அப்போதுதான் வரத் தொடங்கிய பேத்தி, படியில் உட்கார்ந்துகொண்டு, யாரும் சொல்லிக்கொடுக்காமலே பாட்டியின் பெயரைச் சொல்கிறாள். இரண்டு தடவை படித்தும் எனக்கு அது கண்ணில் படவில்லை. அந்த நாவலை அன்று மறுபடியும் இரவல் எடுத்துக்கொண்டு வந்தேன்.